கியர் இறக்கும் இடம்

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு ஏ-9 வீதியில் தெற்கே புறப்படும் மோட்டார் சைக்கிளுக்கு முதல் 250 கிலோமீற்றர் வரை ஏற்றம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவுமில்லை. ஆனையிறவில் கடல்நீரேரிக் காற்று பக்கவாட்டில் தள்ளும். மாங்குளத்தில் காட்டு வெயில் காயும். மதவாச்சிப் பக்கம் குளத்துக் காற்று கொஞ்சம் ஆற்றிவிடும். தம்புள்ளையைக் கடந்து நாவுலையும் பின்னால் போன பிறகுதான் வீதி மெல்ல வளைந்து மேலேறத் தொடங்குகிறது. நாலந்தாவை நெருங்கும்போது இயந்திரத்தின் குரல் கனக்கிறது, இடது கால் தானாக ஒரு கியரை இறக்குகிறது. மலைநாட்டுக்குள் வந்துவிட்டதை வரைபடத்துக்கு முன்னே அந்தக் கால் சொல்லிவிடும்.

கண்டியிலிருந்து வடக்கே போகிறவருக்கு இதே இடம் நேர்மாறாக வாய்க்கிறது. கண்டியிலிருந்து 25 கிலோமீற்றரில் மாத்தளை, அங்கிருந்து ஏறக்குறைய இன்னொரு 24 கிலோமீற்றரில் நாலந்தா. மாத்தளையில் சட்டைக்குள் புகுந்த குளிர்ச்சி இங்கே காணாமற்போய்விடும். ஈர வலயம் மெல்ல உலர் வலயமாக மாறும் எல்லைப் பகுதி இது. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த எல்லை தட்டுப்படாது. இரண்டு சக்கரத்தில் வருகிறவரின் முகத்திலும் புறங்கையிலும் அது படும். ஒரு வளைவில் காற்று குளிர்ந்திருக்கும், அடுத்த வளைவில் அடுப்படி வாசலில் நிற்பதுபோலச் சூடு வந்து அறையும்.

நாலந்தாவைத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கெடிகேயால் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பல்லவர் காலத்துக் கற்றளிகளை நினைவூட்டும் அமைப்பில் எழுந்த சிறிய கல் மனை அது, பௌத்த வழிபாட்டுக்கு உரியது. மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த தமிழருக்கு அதன் சுவரும் கபோதமும் அந்நியமாகத் தோன்றா. இலங்கையின் நடுப்புள்ளி இதுதான் என்று ஊரார் சொல்வதும் உண்டு. அந்தக் கட்டடம் இன்று நிற்கும் இடம் அதன் பழைய இடமல்ல. மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது வயல் நடுவே இருந்த கெடிகே நீரில் மூழ்கவிருந்தது. 1970களின் நடுவில் அதைக் கல் கல்லாகப் பிரித்து, பிறகு மேட்டில் கொண்டுவந்து மறுபடி அடுக்கினார்கள். ஆனால் இந்தக் கட்டுரை கல்லைப் பற்றியதல்ல. அந்தக் கல்லுக்குச் சிறிது தள்ளி ஓடும் வீதியையும், அதில் இரண்டு சக்கரத்தில் போய்வரும் எளிய மகிழ்ச்சி யார் யாருக்கு எப்போது வாய்த்தது என்பதையும் பற்றியது.

அந்தக் கதை நடையில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா என்று கால்நடையாக மாத்தளையை வந்தடைந்தார்கள். 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடை. குடிக்கத் தண்ணீரில்லாமலும், வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே போனது. உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் கண்ணுக்கு முதல் மலைகள் தெரிந்தது இந்தப் பக்கத்தில்தான். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த நடைக்காரர்களின் வழிவந்தவர்கள் எழுப்பியது. இன்று அதே மன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு சாதாரண 125 சீசீ வண்டி நாலைந்து மணி நேரத்தில் வந்துவிடும். இந்த வீதியில் வண்டி ஓட்டுவதை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாமல் தடுப்பது அந்த நடைதான்.

இலங்கைக்கு முதல் மோட்டார் கார் 1902இல் வந்தது. 1904இல் ஆட்டோமொபைல் சங்கம் உருவானது. மோட்டார் சைக்கிளும் அந்தக் காலத்தையொட்டியே பிரித்தானியக் கப்பல்களில் வந்திறங்கியது. இங்கிலாந்தில் றோயல் என்பீல்ட் 1901இலும், நோர்ட்டன், டிரையம்ப் ஆகியவை 1902இலும் தமது முதல் வண்டிகளைச் செய்திருந்தன. துப்பாக்கி செய்துகொண்டிருந்த பர்மிங்ஹாம் கம்பனியான பீ.எஸ்.ஏ. 1910இல் சேர்ந்துகொண்டது. பீ.எஸ்.ஏ.யின் தாங்கியில் ஒன்றன்மேலொன்று சாய்த்துவைத்த மூன்று துப்பாக்கிகளின் சின்னம் அந்தப் பிறப்பைச் சொல்கிறது.

மலைநாட்டுத் தமிழர் மோட்டார் சைக்கிளை முதலில் கண்டது துரையின் கால்களுக்கிடையே. பெரிய துரைக்குக் கார், சின்னதுரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது தோட்டங்களில் ஏறக்குறைய எழுதாச் சட்டம். மாத்தளைப் பக்கத்தில் தேயிலையோடு ரப்பரும் கொக்கோவும் உண்டு, ஆகவே மலைகள் ஒன்றுக்கொன்று தொலைவு. காலைப் பிரட்டில் ஆட்களைக் கணக்கெடுத்து முடிந்ததும் சின்னதுரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு வண்டியில் போவார். பள்ளத்தாக்கில் அந்த டுப்பு டுப்புச் சத்தம் கேட்டதும் கொழுந்து மலையில் பேச்சு நிற்கும், கங்காணியின் குரல் உயரும், கூடைகள் நேராகும். சத்தம் எந்த வளைவில் இருக்கிறது, வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதைக் கேட்டே கணக்கிடத் தெரிந்த காதுகள் அவை. ஒரு யந்திரத்தை இத்தனை நுட்பமாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் அதில் ஒருநாளும் ஏறியதில்லை.

அந்த வண்டி உருண்ட டயருக்கும் இந்த மண்ணுக்கும் உறவு உண்டு. 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் நட்டு வளர்க்கப்பட்டன. டன்லொப் காற்றடைத்த டயரை உருவாக்கியது 1888இல். பிறகு உலகம் முழுதும் சக்கரங்கள் பெருகப் பெருக, மாத்தளை உட்பட இலங்கையின் பல மாவட்டங்களில் காடுகள் ரப்பர் மலைகளாயின. விடியும் முன் பால் வெட்டப் போன பெண்களின் வேலை, கடல் கடந்து டயராகி, துரையின் வண்டியில் பூட்டித் திரும்பிவந்தது.

வெறும் மகிழ்ச்சிக்காக வண்டி ஓட்டும் வழக்கமும் அந்தத் துரைமாரிடம்தான் தொடங்கியது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் ஆரம்பமானது. தேயிலை மலைக்கு நடுவே, வளைந்து ஏறும் தோட்டத்துப் பாதையில், கடிகாரத்தோடு ஓடும் போட்டி. வேலைக்குப் போகிற பாதையையே விளையாட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்க மேட்டில் நின்ற கூட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பாதி.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்காவின் மரநிழலில் அலுவலகங்கள் எழுந்தன. கடற்படையோ திருகோணமலையில். இரண்டுக்கும் இடையே சுமார் 180 கிலோமீற்றர், நேர்வழி மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை. வானொலியில் அனுப்பும் செய்தியை எதிரி ஒட்டுக்கேட்கலாம் என்பதால் அந்தப் போரில் முக்கியமான கடிதங்கள் எங்கும் மோட்டார் சைக்கிளில் போயின. பிரித்தானியப் படையில் அந்த வேலைக்குக் கொடுத்த வண்டிகள் நோர்ட்டன் 16எச், மாச்லெஸ் ஜீ3எல், எல்லாவற்றுக்கும் மேலாக பீ.எஸ்.ஏ. எம்20. கடைசியில் சொன்னதை மட்டும் சுமார் 1,26,000 செய்தார்கள்.

எம்20 அழகான வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். 496 சீசீ, ஒற்றைச் சிலிண்டர், 13 குதிரைவலு. பின்சக்கரத்துக்கு அதிர்வு தாங்கும் அமைப்பே கிடையாது, இருக்கையின் அடியிலிருக்கும் இரண்டு சுருள்வில்தான் முதுகெலும்புக்குக் காவல். ஆனால் அதைக் கிளப்பும் விதத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறப்பதில்லை. முதலில் பெற்றோல் குழாயைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரின் தலையிலிருக்கும் சின்னப் பொத்தானை விரலால் அழுத்தி அழுத்தி, பெற்றோல் வெளியே கசியும்வரை காத்திருக்க வேண்டும். கைப்பிடியின் நெம்புகோலைத் திருப்பித் தீப்பொறியைச் சற்றுப் பிந்தவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உதைக்கும் கட்டை திருப்பி உதைத்துக் கணுக்காலைப் பதம்பார்க்கும். அடுத்து வால்வைத் தூக்கும் நெம்புகோலைப் பிடித்தபடி கட்டையை மெல்ல மிதித்து, பிஸ்டன் உச்சியைக் கொஞ்சம் தாண்டும் இடத்தைக் காலால் உணர வேண்டும். அதன் பிறகு அவசரமில்லாத, நீண்ட, முழு உதை ஒன்று. வண்டி பிடித்துக்கொண்டால் நெஞ்சுக்கூட்டில் தட்டுவதுபோலச் சத்தம் எழும். பிடிக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இளையவர்கள் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியை விட்டுவிட்டு இன்றும் இந்தச் சடங்குக்கு ஏங்குவதன் காரணம் இதில்தான் இருக்கிறது. யந்திரம் என்ன நினைக்கிறது என்று ஓட்டுபவர் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

போர் முடிந்ததும் உலகெங்கும் படையின் வண்டிகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. 1948இல் பீ.எஸ்.ஏ. பான்டம் பிறந்தது. 123 சீசீ கொண்ட அந்தச் சின்ன வண்டியின் வரைபடம் போரில் தோற்ற ஜெர்மனியின் டீ.கே.டபிள்யூ. கம்பனியிடமிருந்து இழப்பீடாக எடுத்தது. துரைகளிடமிருந்து மோட்டார் சைக்கிள் மெல்ல இறங்கி மற்றவர்களிடம் வந்தது அந்தக் காலத்தில்தான். கடை முதலாளி, பள்ளி ஆசிரியர், தோட்டத்து அப்போதிக்கரி, தபால் கந்தோர்க்காரர் என்று வண்டிக்காரர் பட்டியல் நீண்டது. ஆனாலும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வர அதற்கு இன்னும் ஒரு தலைமுறை பிடித்தது.

அந்தக் காலத்து வண்டிகளை இன்று துடைத்து மினுக்கி வைத்திருப்பவர்கள் மிகவும் பெருமைப்படுவது இலக்கத் தகட்டில். பழைய வண்டியில் சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.என். என்று இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். 1957 முதல் பதிவான வண்டிகளில் எழுத்து மாறியது. முன்னே ஓர் எண், பின்னே நான்கு இலக்கம், நடுவே சிங்கள ஸ்ரீ. பழமை விரும்பிக்கு அது மூலத் தகடு, விலைமதிப்பற்றது. தமிழருக்கு அந்த ஒற்றை எழுத்து வேறொன்றையும் நினைவூட்டும். தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. வடக்கில் சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசினார்கள். 1958 மே மாதத்தில் நாடு கலவரத்தில் எரிந்தது. ஒரு பழைய வண்டியின் முன்மட்காட்டில் உள்ளங்கை அகலத் தகட்டில் இவ்வளவும் எழுதியிருக்கிறது. அதைத் துடைக்கும் துணி இதையும் தொட்டுத்தான் போகிறது.

இங்கிலாந்தில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கென்று ஒரு சங்கம் 1946இல் அமைந்தது. அங்கே பழையதைக் காப்பாற்றியது ஆசை. இலங்கையில் காப்பாற்றியது பஞ்சம். 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி இறுக்கமாயிற்று. புதுவண்டி வராது, உதிரிப்பாகமும் எளிதில் வராது. ஆகவே 1948இல் வாங்கிய வண்டியை 1975வரை ஓட்டியே ஆகவேண்டியிருந்தது. இங்கேதான் வண்டி திருத்தும் கராஜ் பாஸ்மாரின் பொற்காலம். தேய்ந்த புஷ்ஷைக் கடைசல் யந்திரத்தில் பித்தளையில் கடைந்து போடுவார்கள். லொறியின் பிஸ்டன் வளையத்தை அராவி வேறு சிலிண்டருக்குப் பொருத்துவார்கள். கிளட்ச் தட்டுக்குத் தக்கை வெட்டி ஒட்டுவார்கள். கையேடு எதுவும் கிடையாது. கழற்றும் வரிசையில் சாக்கில் பரப்பி வைத்து, அதே வரிசையில் திருப்பிப் பூட்டுவதுதான் படிப்பு. இன்று மாத்தளைப் பக்கமோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பழைய பீ.எஸ்.ஏ. ஓடுகிறதென்றால், அதற்குள் இருக்கும் பாதிப் பாகம் பர்மிங்ஹாமில் பிறந்ததல்ல. மூலப் பாகத்தை மட்டும் மதிக்கும் சேகரிப்பாளர்கள் இதைக் குறையென்பார்கள். உண்மையில் அந்த வண்டியின் சிறந்த பாகமே அதுதான்.

அந்த ஆண்டுகளில் இந்த வீதி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த பயணிகளையும் கண்டது. இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. இறங்குதுறையிலிருந்து மதவாச்சி, அங்கிருந்து ஏ-9 வழியே தெற்கு. கோப்பித் தொழிலாளர் நடந்துவந்த அதே தடம் அது. 1980களின் முற்பகுதியில் கப்பல் நின்றுபோனதோடு அந்தத் தடமும் அடைபட்டது.

1977இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பான் வந்தது. ஹொண்டாவின் சூப்பர் கப் 1958இலேயே பிறந்து உலகைச் சுற்றிவிட்டிருந்தாலும், இலங்கையின் வீதிகளை ஜப்பானிய வண்டிகள் நிறைத்தது இப்போதுதான். சீ.டி. 125, சீ.டி. 200, பெண்கள் விரும்பிய சாலி, ஜப்பானியத் தபால்காரர் ஓட்டிக் கழித்த எம்.டி. 90. ஒரு உதையில் கிளம்பும், எண்ணெய் சிந்தாது, மழையிலும் மின்விளக்கு எரியும். பழைய வண்டியில் பழகியவர்களுக்கு ஒரேயொரு தொல்லை: பிரித்தானிய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜப்பானியதில் எல்லாம் இடம் மாறியிருந்தது. பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து வேலிக்குள் போனவர்களின் கதை அந்தத் தலைமுறையில் ஊருக்கு இரண்டு இருந்தது.

போவதென்ன நீர்த்தேக்கம் நிரம்பியதும், மகாவலி வேலை சூடுபிடித்ததும் அதே காலம். கால்வாய்க் கரைகளில் கள உத்தியோகத்தர்கள் ஜப்பானிய வண்டியில் சுற்றினார்கள். காலப்போக்கில் தோட்டத்துப் பிள்ளையும் கடையில் வேலை பார்த்துச் சீட்டுக் கட்டி ஒரு வண்டி வாங்கினான். முத்துமாரியம்மன் கோயில் வாசலில் புது வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கொண்டுபோகும் காட்சி வழக்கமானது. ஒரு காலத்தில் எந்தச் சத்தத்தைக் கேட்டுக் கூடையை நேராக்கினார்களோ, அந்தச் சத்தம் இப்போது லயத்து வாசலிலேயே கேட்டது. முன்னால் தாங்கியின்மேல் சின்னப்பிள்ளை, பின்னால் மனைவி, அவள் மடியில் இன்னொன்று. சட்டப்படி இது கூடாது. ஆனால் மாசி மகத் திருவிழாவுக்கு ஐந்து தேர் பார்க்கக் குடும்பமே ஒரு வண்டியில் வந்திறங்கும் அந்த மகிழ்ச்சியைச் சட்டப் புத்தகம் அளந்து சொல்லாது.

மகிழ்ச்சியின் நீளம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. 1983 கலவரத்துக்குப் பின் தமிழர் தொலைவழி போகத் தயங்கினார்கள். 1990இலிருந்து உள்நாட்டுப் போரால் வவுனியாவுக்கு வடக்கே ஏ-9 பொதுமக்களுக்கு மூடிக்கிடந்தது. 321 கிலோமீற்றர் வீதியில் ஏறக்குறைய பாதி இல்லாமற்போனது. நாலந்தாச் சந்தியில் கிலோமீற்றர்க் கல்லைப் பார்த்து வளர்ந்த ஒரு முழுத் தலைமுறை, அந்த வீதி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் காணாமலே மீசை வைத்தது.

மறுமுனையில், யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடைக்காது, கிடைத்தால் பொன் விலை. அங்கேயும் பாஸ்மாரின் மூளைதான் வழி கண்டது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெய் கிளப்பாது, ஆகவே சின்னப் போத்தலில் உயிரைப்போலக் காத்த பெற்றோலில் சில துளியைக் கார்புரேட்டருக்குள் விட்டு உதைப்பார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய் அதைப் பிடித்துக்கொள்ளும். ஊரெல்லாம் வெள்ளைப் புகை, கண் எரியும் மணம். நோயாளியை ஏற்றிப் போனதும், மணப்பெண்ணை ஏற்றிப் போனதும், செய்தி கொண்டுபோனதும் அந்தப் புகைக்குள்தான்.

2002 போர்நிறுத்தத்தின் பின் ஏப்ரலில் வீதி யாழ்ப்பாணம் வரை திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று போக வேண்டும். போனார்கள். பன்னிரண்டு ஆண்டு பார்க்காத தாயைப் பார்க்க, வீட்டின் கூரை இருக்கிறதா என்று பார்க்கப் போனார்கள். 2006 ஆகஸ்டில் மறுபடி அடைபட்டது. போர் முடிந்து 2009 இறுதியிலும் 2010இலுமாகத்தான் படிப்படியாக முழு வழியும் திறந்தது. அதன் பிறகே இந்த வீதியில் ஒருவர் எந்த அலுவலும் இல்லாமல், யாரிடமும் காரணம் சொல்லாமல், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை வண்டியில் போகும் நிலை வந்தது. சுற்றுலா என்ற சொல்லை இளைஞர்கள் எளிதாகச் சொல்கிறார்கள். அந்தச் சொல் இந்த வீதிக்கு வந்துசேர்ந்தது மிக அண்மையில்.

வந்த வேகத்தில் அது பெருகியது. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள். அதிவேகப் பாதைகளில் அவற்றுக்கு இடமில்லை, ஆகவே நீண்ட பயணக்காரர்களுக்குப் பழைய ஏ வீதிகளே வழி. விடுமுறை நாள் காலையில் நாலந்தாவில் நின்றால் பல்சரும் எப்.இசட்டும் அப்பாச்சியும் கூட்டமாகப் போவதைப் பார்க்கலாம். இருபுறமும் பெட்டி பூட்டிய 250 சீசீ வண்டிகள், வெளிநாட்டுப் பயணி வாடகைக்கு எடுத்த றோயல் என்பீல்ட் எல்லாம் வரும். அந்த என்பீல்டின் கதை தமிழருக்கு நெருக்கமானது. இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்து, 1955இல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் நிலைத்த வண்டி. 1970க்குள் பிறந்த வீட்டில் உலை அணைந்துவிட்டது, புகுந்த வீட்டில் இன்றும் எரிகிறது. அதனால் அது பழைய வண்டியா புதிய வண்டியா என்ற கேள்விக்கு இரண்டு பதிலும் சரி.

பெண்களும் வந்துவிட்டார்கள். போருக்குப் பின் வடக்கில் அவர்கள் ஸ்கூட்டர் ஓட்டாத வீதி இல்லை. வேலைக்கும் வகுப்புக்கும் தொடங்கிய ஓட்டம், பருத்தித்துறைக் கடற்கரை வரை, பிறகு அதற்கும் அப்பால் என்று நீள்கிறது.

இடையில் இன்னும் இரண்டு அடைப்புகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 தொடக்கத்தில்தான் முழுதாகத் திறந்தது. அந்த ஐந்தாண்டில் பழைய வண்டியின் விலை ஏறியது, பாஸ்மாரின் கடைசல் யந்திரம் மறுபடி சுற்றியது, 1960கள் திரும்பியதுபோல. 2022இல் பெற்றோலே இல்லை. கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் கொடுத்தார்கள். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினால் 180. கண்டியிலிருந்து ஏறக்குறைய வவுனியா, அதற்கு மேல் இல்லை. மூடியிருந்த காலத்தில் வீதி நின்ற அதே இடம்.

வீதி விபத்தில் சாகிறவர்களில் மோட்டார் சைக்கிள்காரர்களே அதிகம் என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. நாலந்தாவுக்கும் நாவுலைக்கும் இடையே வளைவுகளில் தனியார் பஸ் எதிரே வரும்போது அதை ஒவ்வொரு ஓட்டுநரும் உடம்பால் அறிவார். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. அதை மாட்டிக்கொள்ளுங்கள் தம்பிமாரே.

மாட்டிக்கொண்டு போனால் அந்தப் பகுதியின் சிறப்பெல்லாம் மூக்கின் வழியாக வரும். மாத்தளையிலிருந்து வடக்கே வீதியோரமெல்லாம் வாசனைத் திரவியத் தோட்டங்கள். முள்முருங்கை மரத்திலும் கிளிசரியா மரத்திலும் மிளகுக் கொடி ஏறியிருக்கும். காயவைத்த கிராம்பின் காரம் ஒரு வளைவில், கறுவாப்பட்டையின் இனிப்பு அடுத்ததில், கொக்கோ புளிக்கும் மணம் சில இடங்களில், மழை நின்ற பின் ரப்பர் மலையிலிருந்து புளித்த பாலின் வாடை. நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லலாம். எழுபதில் போனால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். பழைய எம்20 வைத்திருப்பவருக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம், அவருடைய வண்டிக்கு நிதானம்தான் பிடிக்கும்.

கெடிகேக்குப் போகும் கிளைவழி ஏ-9இலிருந்து கிழக்கே பிரிகிறது. வண்டியை நிழலில் சாய்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றினால் முதலில் கேட்பது அமைதியல்ல, காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் காற்று. அது அடங்க ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் சூடான இயந்திரம் ஆறும்போது எழும் டிக் டிக் சத்தம் கேட்கத் தொடங்கும், சிலிண்டர்த் தகடுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கும் சத்தம் அது. நீர்த்தேக்கத்தை நோக்கி நடந்தால், இடம்பெயர்த்து வைத்த அந்தக் கல் மனை தண்ணீர் ஓரத்தில் நிற்கும். அதன் பழைய வயல் நீருக்கடியில்.

வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே படம் எடுத்துக்கொண்டு, திரும்பி வீதிக்கு வருவார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பனங்கிழங்கை ஒருவன் பையிலிருந்து எடுத்துப் பகிர்வான். ஓரக் கடையில் அம்மாவுக்கென்று அரைக் கிலோ மிளகும் கொஞ்சம் சாதிக்காயும் வாங்குவார்கள். பொதியைப் பின் இருக்கையில் வைத்து, பழைய டியூப்பை வெட்டிய ரப்பர்ப் பட்டியால் இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கியை இழுத்து மாட்டுவார்கள். இன்னும் 270 கிலோமீற்றர். நாவுலை இறக்கத்தில் கியர் மேலே ஏறும், அதன்பின் யாழ்ப்பாணம்வரை அதை இறக்கப் பெரிதாகத் தேவைப்படாது.